டெக்ஸஸில் மாஸ்டர்ஸ்: இன்-ஸ்டேட் கட்டணம் முதல் கோர்ஸ் பதிவு வரை, எதற்கு அப்புறம் எது

டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாஸ்டர்ஸோ பிஎச்டியோ சேரப்போகிறவர்களுக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. கட்டணக் கணக்கில் நீங்கள் டெக்ஸஸ்வாசியா (இன்-ஸ்டேட், குறைந்த கட்டணம்) வெளியாளா (அவுட்-ஆஃப்-ஸ்டேட், அதிகக் கட்டணம்) என்பதைத் தீர்த்துக்கொள்வது ஒன்று. கோர்ஸ் எடுப்பது இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் கோர்ஸில்தான் முதலில் கைவைக்கிறார்கள். எந்தப் பேராசிரியர் தாராளமாக மார்க் போடுவார் என்று வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து முடித்து, பில் வந்த பிறகுதான் ரெசிடென்சி (டெக்ஸஸ்வாசித் தகுதி) என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும்.

யூடி டாலஸ், யூடி ஆர்லிங்டன், யூனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டன், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் ரெசிடென்சி விதி ஒன்றே. மாநிலச் சட்டமும் மாநில உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியத்தின் விதிகளும்தான் அடிப்படை. ரைஸ், எஸ்எம்யூ போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த வேறுபாடு கிடையாது. அங்கே சேர்கிறவர்களுக்கு இதில் 7, 8 பகுதிகள் மட்டும் போதும். கலிஃபோர்னியாவிலோ ஜார்ஜியாவிலோ இருக்கும் மச்சான் சொல்லும் கணக்கை இங்கே போடாதீர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு.

1. சென்சஸ் டேட்டை முதலில் காலண்டரில் குறியுங்கள்

எல்லாம் இந்த ஒரு தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது, அதனால்தான் இது முதல் வேலை. இலையுதிர்கால, வசந்தகால செமஸ்டர்களில் 12-வது வகுப்பு நாள்தான் சென்சஸ் டேட். கோடைப் பருவத்தில் அது 4-வது வகுப்பு நாளிலேயே வந்துவிடும். அன்றைக்கு உங்கள் பெயர் எத்தனை கிரெடிட்டில் (கோர்ஸ்களின் பாட அளவு), டெக்ஸஸ்வாசி, வெளியாள் என்ற எந்த வகையில் இருக்கிறதோ அதுதான் அந்தப் பருவம் முழுக்க அதிகாரபூர்வக் கணக்கு.

வகுப்பு நாள் என்றால் வேலை நாள், விடுமுறை சேராது. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 25 திங்கட்கிழமை வகுப்பு தொடங்கினால், செப்டம்பர் 1 லேபர் டேயைக் கழித்துவிட்டு, 12-வது வகுப்பு நாள் செப்டம்பர் 10 புதன்கிழமை. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தேதி பல்கலைக்கழகத்தின் அகடமிக் காலண்டரில் இருக்கும், அதையே பாருங்கள்.

அந்தத் தேதியிலிருந்து சரியாக ஓராண்டு பின்னோக்கி எண்ணி இன்னொரு தேதியையும் குறித்துவையுங்கள். ‘டெக்ஸஸில் 12 மாதம்’ என்று சட்டம் கேட்பது அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் உள்ள காலத்தை. விண்ணப்பித்த நாளிலிருந்தோ அட்மிஷன் வந்த நாளிலிருந்தோ எண்ணுகிறவர்கள் தங்களுக்குத் தகுதி இல்லை என்று தவறாக முடிவு செய்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும்போது 5 மாதம்தான் ஆகியிருக்கலாம், சென்சஸ் டேட் வரும்போது 13 மாதம் ஆகியிருக்கும்.

2. உங்கள் விசா எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள்

அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் டெக்ஸஸில் குடியிருப்பை நிறுவலாம் என்பதில் சந்தேகமில்லை. பலருக்குத் தெரியாதது, எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களும், அவர்களின் துணைவர், பிள்ளைகளுக்கான எச்-4, எல்-2 விசாக்காரர்களும் இங்கே குடியிருப்பை நிறுவ அனுமதி உண்டு என்பது. ‘விசாவில் இருக்கிறோம், நமக்கு எங்கே இன்-ஸ்டேட்’ என்று கேட்காமலே இரண்டு வருடம் அதிகக் கட்டணம் கட்டி முடித்த குடும்பங்கள் டாலஸ் பக்கம் நிறைய.

எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) விசாவில் இருந்துகொண்டு குடியிருப்பை நிறுவ முடியாது. எத்தனை வருடம் இருந்தாலும், டெக்ஸஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாலும், வாடகை ஒப்பந்தம் உங்கள் பேரிலேயே இருந்தாலும் முடியாது. படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்ற அடிப்படையில் தரப்படும் விசா அது. நிரந்தரமாக இங்கே இருக்கப்போகிறேன் என்று சொல்லும் குடியிருப்போடு அது ஒத்துப்போகாது. எஃப்-1காரர்கள் இதில் நேரம் செலவழிக்காமல் 6-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள், கட்டணத்தைக் குறைக்க அங்கே வேறு வழிகள் இருக்கின்றன.

நடுவில் ஒரு வகை உண்டு. ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு, அது நிராகரிக்கப்படாமல் பரிசீலனையில் இருக்கிறது என்று காட்டும் குடியேற்றத் துறையின் ஐ-797 ரசீது கையில் இருந்தால், அந்த ரசீதே உங்களைத் தகுதியானவர்கள் வரிசையில் சேர்க்கும். அதன் நகலை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.

எஃப்-1 ஓபிடியிலிருந்து (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) எச்-1பிக்கு மாறி, வேலையோடு இரண்டாவது மாஸ்டர்ஸ் அல்லது எம்பிஏ படிக்க நினைப்பவர்கள் எச்-1பி தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் எண்ணுங்கள். ஓபிடி மாதங்களையும் சேர்த்துத் திட்டம் போட்டுவிட்டு, கடைசியில் ரெசிடென்சி அலுவலகத்தில் வாதாடுவது வீண் தலைவலி.

3. எச்-4இல் படிப்பதா, எஃப்-1க்கு மாறுவதா: விண்ணப்பிப்பதற்கு முன்பே முடிவெடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

எச்-4இல் இருந்துகொண்டே முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம், விசா மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. 12 மாதக் கணக்கு சரியாக இருந்தால் இன்-ஸ்டேட் கட்டணம். செமஸ்டருக்கு ஒரே ஒரு கோர்ஸ் எடுக்கவும் தடையில்லை, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் சிபிடி (படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போக அனுமதி), ஓபிடி இரண்டும் எஃப்-1க்கு மட்டும். எச்-4 இஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லாவிட்டால் வளாகத்துக்குள் சம்பள வேலைகூடப் பார்க்க முடியாது. அந்த இஏடிக்கோ பெரும்பாலும் கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

எஃப்-1க்கு மாறினால் முழுநேரம் படித்தே ஆக வேண்டும், அவுட்-ஆஃப்-ஸ்டேட் கட்டணம் வரும். பதிலுக்கு, இன்டர்ன்ஷிப் போகலாம், முடித்ததும் 12 மாத ஓபிடி, ஸ்டெம் பாடமென்றால் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேலும் 24 மாதம்.

என் கருத்து இதுதான். இஏடி ஏற்கெனவே கையில் இருந்தால், அல்லது படிப்பு முடிவதற்குள் வந்துவிடும் நிலை இருந்தால், எச்-4இல் இருந்தே படியுங்கள். இஏடிக்கு வழியே தெரியவில்லை, படித்து முடித்த உடனே வேலைக்குப் போக வேண்டும் என்றால் எஃப்-1 பற்றி யோசிக்கலாம். அப்போதுகூட முதல் ஒன்றிரண்டு செமஸ்டரை எச்-4இல் குறைந்த கட்டணத்தில் முடித்துவிட்டு மாறுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சிபிடிக்கு ஓராண்டு முழுநேரப் படிப்பு முடிந்திருக்க வேண்டும், ஸ்டேட்டஸ் மாற்றும் மனு ஐ-539 முடிவாவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், மாறிய பிறகு வரும் செமஸ்டர்களில் இன்-ஸ்டேட் தகுதி போய்விடும். இந்த மூன்றையும் ஒரே தாளில் தேதியோடு எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எச்-1பி பெற்றோரோடு சிறு வயதில் வந்து, 21 வயதானதும் எச்-4 இழந்து எஃப்-1க்குப் போன பிள்ளைகளின் நிலை வேறு. டெக்ஸஸில் தொடர்ந்து 36 மாதம் வசித்து, இங்கேயே உயர்நிலைப் பள்ளி முடித்து, சென்சஸ் டேட்டுக்கு முந்தைய 12 மாதமும் இங்கேயே இருந்தவர்களுக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. 2025 ஜூனில் வந்த கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவு, சட்டப்படி நாட்டில் தங்கியிராதவர்களுக்கு அந்த வழியை அடைத்தது. ஆகவே ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-20 (எஃப்-1க்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) போன்ற சட்டபூர்வத் தங்கலுக்கான சான்றுகளைக் கேட்பதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.

4. கோர் ரெசிடென்சி கேள்விகளை நிதானமாக நிரப்புங்கள்

விண்ணப்பத்துக்கு உள்ளேயே, அல்லது அட்மிஷனுக்கு அப்புறம் தனிப் படிவமாக, கோர் ரெசிடென்சி கேள்விகள் என்று ஒரு பகுதி வரும். அட்மிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து ராத்திரி 11 மணிக்கு அவசர அவசரமாகத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உங்களை முதல்முறை வகைப்படுத்துவது இந்தப் பதில்களை வைத்துத்தான்; ஒருமுறை வெளியாள் என்று விழுந்துவிட்டால், அதை மாற்றுவது உங்கள் பொறுப்பாகிவிடும்.

அடிக்கடி தவறாகும் இடங்கள் இவை. டெக்ஸஸில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அமெரிக்கா வந்த நாளிலிருந்து கணக்குச் சொல்வது. நிரந்தர முகவரி என்ற இடத்தில் மதுரையோ திருச்சியோ எழுதுவது. இங்கே குடியிருக்கிறேன் என்று கோரும் ஒருவர் நிரந்தர வீடு இந்தியாவில் என்று கைப்பட எழுதித் தந்தால் அலுவலர் என்ன செய்வார்? மணமானவர்கள் துணைவரின் வேலை, விசா விவரங்களைக் காலியாக விடுவது. இதில் கடைசியில் சொன்னதுதான் எச்-4காரர்களை அதிகம் கவிழ்க்கிறது.

யாருடைய குடியிருப்பை வைத்துக் கோருகிறீர்கள் என்பதையும் இங்கேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் தங்கள் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டத் தகுதி இருந்தால், பெற்றோரின் குடியிருப்புதான் உங்களுக்கும். 24 வயதுக்குள் இளங்கலை முடித்து நேராக மாஸ்டர்ஸ் வரும் பிள்ளைகள் பலர் இதில் வருவார்கள். மற்றவர்கள் சொந்தக் காலில் நின்று நிரூபிக்க வேண்டும்.

5. ஆவணங்களை இரண்டு கட்டாகப் பிரித்து அடுக்குங்கள்

அலுவலகம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. டெக்ஸஸில் குடியிருப்பை எதன் அடிப்படையில் நிறுவினீர்கள் என்பது முதலாவது. அந்த 12 மாதமும் உண்மையில் இங்கே இருந்தீர்களா என்பது இரண்டாவது. ஒரே பிடிஎஃப்பில் எல்லாவற்றையும் கொட்டி அனுப்பினால், முதலாவதற்கு ஒரு தாள்கூட இல்லாமல் போனது உங்களுக்கே தெரியாது.

முதல் கட்டுக்கு நான்கு அடிப்படைகள் உண்டு: சம்பள வேலை, சொந்த வீடு, டெக்ஸஸில் நடத்தும் தொழில், இவற்றில் ஒன்றால் ஏற்கெனவே குடியிருப்பை நிறுவிய ஒருவரோடு திருமணம். இதில் ஒன்று போதும். வேலையென்றால் சராசரியாக வாரம் 20 மணி நேரமாவது இருக்க வேண்டும், அல்லது படிப்பு, வாழ்க்கைச் செலவில் பாதியையாவது அது தாங்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறார் என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். வேலையில் இருக்கிறார் என்று மட்டும் எழுதிய கடிதம் உதவாது, தேதிதான் அங்கே முக்கியம். கடிதம் 12 மாதத்தையும் மூடுகிறதா என்று அனுப்புமுன் நீங்களே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாணவர் என்பதாலேயே கிடைத்த வேலை, அதாவது டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்), ஃபெல்லோஷிப், வொர்க்-ஸ்டடி எதுவும் இந்தக் கணக்கில் சேராது. ‘இரண்டு வருடம் ஆர்ஏவாக இருந்தேன், வரியும் கட்டினேன்’ என்ற வாதம் எடுபடாததற்குக் காரணம் இதுதான். வேறு மாநிலத்திலிருந்து படிக்க மட்டும் வந்தவர் என்றே அவரை விதி பார்க்கிறது.

எச்-4இல் இருந்து, வேலை செய்ய அனுமதி இல்லாதவருக்குத் திருமண வழிதான் பெரும்பாலும் பொருந்தும். திருமணச் சான்றிதழ், துணைவரின் வேலைக் கடிதம், துணைவரின் 12 மாதச் சான்றுகள், அதோடு நீங்களும் அந்த 12 மாதம் டெக்ஸஸில் இருந்ததற்கான சான்று. கணவர் ஐந்து வருடமாக ஃபிரிஸ்கோவில் இருக்கிறார், நீங்கள் கல்யாணமாகி, போன வருடப் பொங்கலுக்குத்தான் வந்தீர்கள் என்றால், இந்த ஆகஸ்டுக்குள் 12 மாதம் ஆகியிருக்கும். இந்த வருடப் பொங்கலுக்கு வந்தவர் என்றால் ஆகாது. துணைவரின் காலம் உங்கள் காலமாகிவிடாது. தமிழில் இருக்கும் திருமணப் பதிவுச் சான்றென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பை இந்தியாவிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது கட்டில் வாடகை ஒப்பந்தம், மின்சார பில்கள், வங்கி அறிக்கை, 12 மாதத்துக்கு முன்பே வழங்கப்பட்ட டெக்ஸஸ் லைசென்ஸ் போன்றவை. இவை துணைச் சான்றுகள். லைசென்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குடியிருப்பைக் கோர முடியாது. எச்-4இல் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, வந்த முதல் வாரத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஒரு பில்லாவது உங்கள் பேரில் வரட்டும். படிக்கும் எண்ணம் அப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து எண்ணம் வரும்போது பின்தேதியிட்டு எதையும் உருவாக்க முடியாது.

பிரசவத்துக்கோ, உடம்பு முடியாத அப்பாவைப் பார்க்கவோ சில மாதம் ஊருக்குப் போயிருந்தால் பதற வேண்டாம். திரும்பி வரும் எண்ணத்தோடு போன தற்காலிகப் பயணம் குடியிருப்பை உடைக்காது. வீட்டையும் வேலையையும் இங்கே விடாமல் வைத்திருந்தீர்கள் என்று காட்டும் தாள்களை மட்டும் சேர்த்து அனுப்புங்கள்.

சேர்க்கக் கூடாததும் ஒன்று உண்டு: பொய். சொல்லாமல் மறைத்தோ தவறாகச் சொல்லியோ இன்-ஸ்டேட் வாங்கியது பின்னால் தெரிந்தால், பழைய செமஸ்டர்களின் வித்தியாசத் தொகை முழுவதையும் கேட்பார்கள். அதைக் கட்ட 30 நாள்தான் கெடு.

6. எஃப்-1காரர்களுக்கு: குடியிருப்பு இல்லாமலே இன்-ஸ்டேட் கட்டணம்

கட்டணத்தில் மட்டும் டெக்ஸஸ்வாசிபோல நடத்தச் சொல்லும் விலக்குகள் சட்டத்தில் இருக்கின்றன. உங்கள் விசா நிலையை அவை தொடுவதில்லை.

முதலாவது, போட்டி ஸ்காலர்ஷிப். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வக் குழு, டெக்ஸஸ் மாணவர்களும் போட்டியிடும் ஒரு ஸ்காலர்ஷிப்பில், குறைந்தது 1,000 டாலர் உங்களுக்குத் தந்தால், அது செல்லும் காலத்துக்கு அவுட்-ஆஃப்-ஸ்டேட் கட்டணத்தை நீக்கலாம். ஆயிரம் டாலர்தானே என்று நினைக்காதீர்கள், அந்த ஆயிரத்துக்குப் பின்னால் வரும் தள்ளுபடி பல ஆயிரம். ஆனால் மொத்த மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்குமேல் இந்த விலக்கைத் தரக்கூடாது என்பதால் எல்லோருக்கும் கிடைக்காது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பக் கெடு பல துறைகளில் அட்மிஷன் கெடுவோடு சேர்ந்தோ அதற்கும் முன்போ வரும். ஐ-20 வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப் கடிதம் வந்ததும், ‘இது அவுட்-ஆஃப்-ஸ்டேட் விலக்குக்குத் தகுதியானதா’ என்று எழுத்தில் கேளுங்கள். வெளி அமைப்புகள் தரும் பரிசுத்தொகை இதற்குச் செல்லாது.

இரண்டாவது, டிஏ அல்லது ஆர்ஏ வேலை. உங்கள் படிப்போடு தொடர்புள்ள வேலையில் அரைநேரம், அதாவது வாரம் 20 மணி நேரம் நியமனம் இருந்தால் இன்-ஸ்டேட் கட்டணம். 10 மணி நேர கிரேடர் (விடைத்தாள் திருத்தும்) வேலைக்கு இது கிடையாது. நூலகத்திலோ உணவகத்திலோ பார்க்கும் வேலைக்கும் கிடையாது. நியமனக் கடிதத்தில் தொடக்கத் தேதி சென்சஸ் டேட்டுக்கு முன்பு இருக்கிறதா என்று பாருங்கள், பேராசிரியர் ‘அடுத்த வாரம் பேப்பர் போட்டுக்கலாம்’ என்று சொன்னால் அந்த அடுத்த வாரம் எந்த வாரம் என்று கேட்டுவிடுங்கள்.

இதில் குடும்பங்கள் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: அரைநேர டிஏ, ஆர்ஏவின் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. இருவருமே படிக்கும் வீடென்றால், ஒருவருக்கு நியமனம் கிடைத்ததும் இன்னொருவருக்கும் விலக்குப் படிவம் போட வேண்டும். யாரும் தானாகக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

7. பதிவு திறக்கும் முன் ஹோல்டுகளை நீக்குங்கள்

மாணவர் போர்ட்டலில் ஒரு ஹோல்டு (பதிவுத் தடை) இருந்தாலும் பதிவு பொத்தான் வேலை செய்யாது. நல்ல செக்ஷன்கள் நிரம்புவது பதிவு திறந்த முதல் சில மணி நேரத்தில், அப்போது உட்கார்ந்து ஹோல்டு நீக்க முடியாது. இரண்டு வாரம் முன்பே போர்ட்டலைத் திறந்து பாருங்கள்.

தடுப்பூசி ஹோல்டு: 22 வயதுக்குக் கீழ் உள்ள புது மாணவர்கள் மெனிஞ்சைடிஸ் தடுப்பூசி போட்ட சான்றை வகுப்பு தொடங்க 10 நாள் முன்பாவது தர வேண்டும், கடந்த 5 ஆண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். 21 வயதில் பி.இ. முடித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் பலர் இதில் சிக்குகிறார்கள், 22 முடிந்தவர்களுக்கு இது இல்லை. ஊரிலேயே போட்டுக்கொண்டு, தேதியும் மருத்துவரின் கையெழுத்து, முத்திரையும் உள்ள சான்றோடு கிளம்புங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் ஹோல்டு: அட்மிஷனுக்கு ஸ்கேன் செய்த நகல் போதும், பதிவுக்குப் போதாது. ஒட்டிய உறையில் டிரான்ஸ்கிரிப்டும், பட்டச் சான்று அல்லது புரொவிஷனலும் கேட்பார்கள். முதல் செமஸ்டரை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு முன் இறுக்குகிற பல்கலைக்கழகங்கள் உண்டு. ஊரிலிருந்து வாங்கி அனுப்ப வாரக்கணக்கில் ஆகும், கிளம்பும் முன் இரண்டு மூன்று உறை கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1காரர்களுக்கு செக்-இன் ஹோல்டு: பாஸ்போர்ட், விசா, ஐ-94 ஆகியவற்றைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஏற்றினால்தான் போகும். ஐ-20யில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்புவரைதான் நாட்டுக்குள் வர முடியும் என்பதால் வந்த உடனே செய்யுங்கள்.

அப்புறம் துறை ஆலோசகர் ஹோல்டு. ஒரு மின்னஞ்சலில் தீரும், ஆனால் ஆகஸ்டில் பதில் வர நாளாகும்.

8. எத்தனை கிரெடிட், எந்த செக்ஷன்

முதுகலையில் முழுநேரம் என்பது பொதுவாக 9 கிரெடிட், அதாவது மூன்று கோர்ஸ். எஃப்-1காரர்கள் இதற்குக் கீழே போகக் கூடாது. 12 எடுத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று முதல் செமஸ்டரிலேயே பாய வேண்டாம். இங்கே வாராவாரம் அசைன்மென்ட் வரும், இந்தியாவில்போல கடைசி மாதப் படிப்பு இங்கே எடுபடாது.

செக்ஷன் எப்படி நடக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். எஃப்-1காரர்களின் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் கோர்ஸ், 3 கிரெடிட் மட்டும்தான் சேரும். மூன்றில் இரண்டு ஆன்லைனாகிவிட்டால் போர்ட்டலில் 9 என்று காட்டும், விசாக் கணக்கில் 6 தான். பதிவை போர்ட்டல் தடுக்காது, அதனால்தான் இது ஆபத்து. கலப்பு முறை செக்ஷன் எந்தப் பக்கம் சேரும் என்பதைச் சர்வதேச அலுவலகத்திடமே கேளுங்கள்.

எச்-4காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை.

விரும்பிய செக்ஷன் நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் பெயர் கொடுங்கள், ஆனால் அதை நம்பி 6 கிரெடிட்டோடு நிற்காதீர்கள். வேறொரு கோர்ஸை எடுத்து 9 ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். முதல் வாரத்தில் நிறைய இடம் காலியாகும். முதல் பருவத்தில் ஐ-20 தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அலுவலகம் உங்கள் பதிவை செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுக் கணினிப் பதிவு) உறுதி செய்ய வேண்டும், அப்போது நீங்கள் முழுநேரத்தில் இருக்க வேண்டும்.

9. பணம் கட்டும் முன் பில்லைப் படியுங்கள்

இரண்டு இடங்களைப் பாருங்கள். ரெசிடென்சி வகை சரியாக விழுந்திருக்கிறதா, 6-ஆம் பகுதியில் சொன்ன விலக்கு ஏறியிருக்கிறதா என்பது ஒன்று. விசாக்காரர்கள் எல்லோருக்கும் மாணவர் காப்பீடு தானாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்பது மற்றது. துணைவரின் நிறுவனக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் எச்-4காரர்கள் விலக்குக் கேட்கலாம், அதற்குத் தனிக் கெடு உண்டு, அது முடிந்தால் அந்தப் பருவத்துக்குப் போனது போனதுதான்.

இந்தியாவிலிருந்து கல்விக் கடனில் வருகிறவர்கள் விலக்கு ஏறிய பிறகு வரும் பில்லை வங்கிக்கு அனுப்புங்கள். முதல் பில்லை அனுப்பி முழுத் தொகையும் வந்துவிட்டால், மிச்சத்தைத் திரும்ப வாங்கி அடுத்த செமஸ்டருக்குக் கணக்குக் காட்டுவது பெரிய கூத்து. வங்கிப் பணம் வந்து சேர நாளாகும், அதற்குள் கட்டணக் கெடு வந்தால் தவணைத் திட்டத்தில் சேர்ந்து முதல் தவணையைக் கட்டிவிடுங்கள். கட்டாதவர்களைக் கோர்ஸிலிருந்து மொத்தமாக நீக்குவது உண்டு, நீக்கியபின் உங்கள் இடம் வெயிட்லிஸ்டில் இருப்பவருக்குப் போய்விடும்.

10. முதல் 12 வகுப்பு நாள்: டிராப் வேறு, வித்டிராயல் வேறு

ஒரு கோர்ஸை விட்டு மற்றவற்றில் தொடர்ந்தால் அது டிராப். சென்சஸ் டேட்டுக்குள் செய்தால் அதற்கான கட்டணம் திரும்பும், டிரான்ஸ்கிரிப்டிலும் தெரியாது. அதற்குப் பிறகு விட்டால் பணமும் வராது, டபிள்யூ என்ற குறியும் விழும்.

எல்லாக் கோர்ஸையும் விட்டால் அது வித்டிராயல், அதன் கணக்கே வேறு. முதல் வகுப்பு நாளுக்கு முன்பென்றால் முழுத் தொகை, முதல் 5 வகுப்பு நாளுக்குள் 80 சதவீதம், அடுத்த ஐந்தில் 70, அதற்கடுத்த ஐந்தில் 50, நான்காவது ஐந்தில் 25, அப்புறம் ஒன்றும் கிடையாது. ‘சென்சஸ் டேட் வரை முழுப் பணம் வரும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காத்திருந்துவிட்டு, 11-வது நாளில் எல்லாவற்றையும் விட்டுப் பாதிப் பணத்தை இழப்பது இப்படித்தான். சேர வேண்டாம், வேறு கல்லூரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தால் வகுப்பு தொடங்கும் முன்பே செய்யுங்கள்.

எஃப்-1காரர்கள் 9-க்குக் கீழே போகும் எந்த டிராப்பையும் டிஎஸ்ஓவின் (பல்கலைக்கழகத்தில் மாணவர் விசாவைக் கவனிக்கும் அலுவலர்) அனுமதிக்கு அப்புறம்தான் செய்ய வேண்டும். பாடம் கடினமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. அமெரிக்கக் கற்பிக்கும் முறை தொடக்கத்தில் பழகாதது, மருத்துவக் காரணம், கடைசி செமஸ்டரில் மிச்சம் இருப்பதே குறைவு, இப்படிக் குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் அனுமதி. முதலில் டிராப், பிறகு மின்னஞ்சல் என்று வரிசை மாறினால் விசா நிலை மீறப்பட்டதாகிவிடும்.

11. இடையில் நிலை மாறினால்

படித்துக்கொண்டிருக்கும்போதே 12 மாதம் பூர்த்தியானாலோ, கிரீன் கார்டு வந்தாலோ, ஐ-485 ரசீது கிடைத்தாலோ, மறுவகைப்பாடு கேளுங்கள். ஆவணங்கள் சென்சஸ் டேட்டுக்கு முன் போய்ச் சேர்ந்தால் அந்தப் பருவத்துக்கே மாறும், தாமதமானால் அடுத்த பருவத்துக்குத்தான். கோரிக்கைகள் ஆகஸ்டில் குவியும் என்பதால் ஜூலையிலேயே அனுப்பிவிட்டால் கூடுதல் தாள் கேட்டாலும் கொடுக்க நேரம் இருக்கும்.

மறுக்கப்பட்டால் கோபமாக மின்னஞ்சல் எழுதாமல், எந்த அடிப்படையில், எந்த மாதத்துக்கான சான்று குறைகிறது என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் வேலைக் கடிதத்தில் தொடக்கத் தேதி இல்லாதது, அல்லது வீடு மாறியபோது நடுவில் விழுந்த ஒரு மாத இடைவெளிதான் காரணமாக இருக்கும். பழைய வீட்டு நிர்வாகத்திடம் வாடகைக் கணக்குத் தாள் கேட்டால் தருவார்கள், அது அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

கடைசி செமஸ்டரில் ஒரே கோர்ஸ் மிச்சமிருக்கும் எஃப்-1காரர்கள் அதை ஆன்லைனில் எடுக்க முடியாது, நேரடி வகுப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நேரில் நடக்கிறது என்று ஒரு செமஸ்டர் முன்பே துறையில் கேட்டு வையுங்கள். பிஎச்டிக்காரர்கள் பார்க்க வேண்டிய எண் 99. முனைவர் பட்டக் கிரெடிட் அதைத் தாண்டினால், இன்-ஸ்டேட் மாணவரிடமும் வெளியாள் கட்டணம் கேட்கப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் ஆய்வுக் கிரெடிட்டுகளைத் தேவைக்கு மேல் போட்டு நிரப்பாதீர்கள்.